மன்னரின் இடது ஷூ

மார்ச் 2

மாட்டிக்கொண்டேன். குலுக்கலில் என் சீட்டுதான் விழுந்திருக்கிறது. புது மன்னர் முடிசூடும்போது அவருடைய இடது ஷூவை நான் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

செய்தி கேட்டதும் அம்மா இஸ்திரிப் பெட்டியை யாருடைய சட்டைமீதோ அப்படியே வைத்துவிட்டுக் கடையிலிருந்து உள்ளே ஓடிவந்தாள். சட்டை போச்சு. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "இந்த வாயில்லாப்பூச்சியா? டீச்சர்கிட்ட பாத்ரூம் போகணும்னு கேக்கவே என்னைத் துணைக்குக் கூப்பிடுவா!"

அவள் தூங்கிவிட்டாள். நான் போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன்.

மார்ச் 3

வரலாற்றுப் புத்தகத்தை மறுபடி படித்தேன். பரீட்சைக்குப் படித்தபோது இவ்வளவு பயமாக இல்லை.

கரைநாட்டு இளவரசனுக்கும் மலைநாட்டு இளவரசிக்கும் கல்யாணம். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. அதனால்தான் சண்டையில்லாமல் வாழ்ந்தார்கள் என்கிறாள் அம்மா. அந்தக் கல்யாணத்தில்தான் எங்கள் கூட்டாட்சி தொடங்கியது. மாநிலத்துக்கு ஒன்றாக மன்னர் தரும் ஏழு வாக்குறுதிகள். அவற்றை முடிசூடும்போது அவர் இரண்டு மொழியிலும் சொல்ல வேண்டும். முதல் மன்னர் கரைமொழியில் மட்டும் சொல்லிவிட்டு நழுவப் பார்த்தாராம். மலைப்பக்கத்துப் பெண்பிள்ளை ஒருத்தி அவர் ஷூவைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். ஒற்றை ஷூவோடு ராஜா எங்கே போவார்? திரும்பி வந்து சொன்னார்.

அன்றிலிருந்து வலது ஷூ கரைப்பக்கத்துப் பிள்ளையிடம், இடது ஷூ மலைப்பக்கத்துப் பிள்ளையிடம். அவரவர் மொழியில் ஏழு வாக்கையும் சொன்னால்தான் ஷூ. தெரியாமல் கொடுத்துவிட்டால் அவ்வளவுதான், ஒரு மொழியில் மட்டும் விட்டுப்போன வாக்குகூட அந்த ஆட்சி முழுவதும் செல்லாது.

மூன்றாம் மன்னர் ஐந்தாவது வாக்கை, பாலம் கட்டித் தருவேன் என்பதை, விழுங்கிவிட்டார். ஷூ பிடித்த பையன் பயந்துபோய்க் கொடுத்துவிட்டான். அந்த மாநிலத்துக்கு அவர் சாகும்வரை பாலம் கிடையாது. அவரோ சாகிற வழியாகவே இல்லை, தொண்ணூறு தாண்டினார். கோழையை இன்றைக்கும் அங்கே 'ஷூ குடுத்தவனே' என்றுதான் திட்டுவார்கள்.

ஐயோ.

மார்ச் 9

ஒத்திகை. வலது ஷூ பிடிக்கப்போகும் கரைப்பக்கத்துப் பெண் குண்டாக, ஜாலியாக இருக்கிறாள். "ஷூ நாறுமா?" என்று கேட்டாள். எனக்கு அந்தக் கவலை தோன்றவே இல்லை. இப்போது அதுவும் சேர்ந்துகொண்டது.

முடிந்ததும் அரண்மனை அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இனிக்க இனிக்கப் பேசினார்.

"மன்னருக்கு மலைமொழி கொஞ்சம் தகராறும்மா. கடைசி வாக்கு விட்டுப்போனாலும் போகலாம். நீ கண்டுக்காதே. அவர் காலை நீட்டினதும் ஷூவைக் குடுத்துட்டு அழகா சிரி, என்ன? உலகமே டிவில பாக்குது."

தலையாட்டினேன். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவேன். "யார்கிட்டயும் சொல்லாதே," என்றார். அதற்கும் ஆட்டினேன்.

கடைசி வாக்கு எங்களுடையது. ஏழு மாநிலங்களில் கடைசியாகச் சேர்ந்தது நாங்கள்தான். வரைபடத்தில் கட்டைவிரலை வைத்தால் மறைந்துவிடும் மாநிலம். எங்கள் ஊர் நீதிமன்றத்தில் எங்கள் மலைமொழியிலேயே பேசலாம் என்பதுதான் அந்த வாக்கு.

மார்ச் 10

இருபத்திரண்டாம் தேதி அம்மாவின் வழக்கு. மாடி வீட்டுக்காரர் குழாய் ஒழுகி, தேய்த்து அடுக்கிய துணியெல்லாம் நனைகிறது. அம்மாவுக்குக் கரைமொழியில் 'வணக்கம்' மட்டும்தான் தெரியும். அதையும் ஏதோ சண்டைக்கு இழுப்பதுபோலத்தான் சொல்வாள்.

வக்கீல் வைக்கலாமா என்று அக்கா கேட்டதற்கு, "எனக்கு வாய் இல்லையா?" என்றாள்.

இருக்கிறது. அது செல்லுமா என்பதுதான் என் கையில் இருக்கிறது.

மார்ச் 14

நாளைக்கு. காய்ச்சல் வந்தா நல்லா இருக்கும். நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டேன், சுடவே இல்ல. அதிகாரி சொன்னத அம்மாகிட்ட சொல்லிடலாமா? சொன்னா அம்மா அரண்மனைக்கே கிளம்பிடுவா. வேண்டாம். மன்னர் ஏழையும் சொல்லிட்டா? சொல்லிடுவார். சொல்லலன்னா —

மார்ச் 15

எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் தூக்கம் வராது.

ஷூ நாறவில்லை.

கரைமொழியில் ஏழும் சொன்னார். வலது ஷூ போய்விட்டது. பிறகு மலைமொழி. தட்டுத் தடுமாறி ஆறு வந்தது. உடனே "இது என் சத்தியம்" என்று முடித்து இடது காலை நீட்டினார். காலுறை நீலநிறம்.

நான் கொடுக்கவில்லை.

தைரியமெல்லாம் இல்லை. விரல்கள் ஷூவோடு ஒட்டிக்கொண்டுவிட்டன. கொடுக்க நினைத்திருந்தாலும் வந்திருக்காது. அதிகாரி இருமினார். இன்னும் பலமாக இருமினார். மன்னர் குனிந்து, "என்ன பாப்பா?" என்றார்.

"ஏழு," என்றேன். எலி கத்துவதுபோல் வந்தது.

அவர் முகம் சிவந்துவிட்டது. "மலைமொழியில எனக்கு ஆறுதானே சொல்லிக் குடுத்தாங்க!" என்று கிசுகிசுத்தார். அதிகாரி பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அத்தோடு இருமல் நின்றது. "சரி, நீ சொல்லு. நான் அப்படியே சொல்றேன்."

நான் சொல்லச் சொல்ல அவர் மைக்கில் சொன்னார்: "ஏழாம் மாநிலத்தார் நீதிமன்றத்தில் தம் மொழியிலேயே பேசலாம். நீதிபதி கேட்பார்." அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். வாய் நிற்கவில்லை. "அவர்கள் முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக்கூடாது."

அதையும் சொல்லிவிட்டார். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை.

அது புத்தகத்தில் இல்லை. அம்மா ஒரு வாரமாகக் கண்ணாடிமுன் நின்று வழக்கு பேசிப் பழகும்போது எங்களைப் பார்த்துக் கத்துவது.

மார்ச் 16

சத்தியம் சத்தியம்தான், சொன்னது சொன்னபடி செல்லும் என்று செய்தியில் சொல்லிவிட்டார்கள். நான் சட்டத்தையே மாற்றிவிட்டேனா? பள்ளிக்கூடம் போகவில்லை. நெற்றி இன்றைக்குத்தான் சுடுகிறது.

மார்ச் 22

அம்மா காலையில் பேச ஆரம்பித்தாள்.

நீதிபதி ஒருமுறை வாயைத் திறந்தார். குமாஸ்தா அவர் காதருகே போய், "ஐயா, ஏழாவது வாக்கு," என்றார். மூடிக்கொண்டார். மதியம் ஆகிவிட்டது. யாரும் சாப்பிடப் போகவில்லை. எழுந்து போனால் அதுவும் குறுக்கே பேசுவதாகுமா என்று யாருக்கும் தெரியவில்லை. என் பக்கத்தில் அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் மாடி வீட்டுக்காரர் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். "குழாயை இன்னைக்கே மாத்திடுறேன். நனைஞ்ச துணிக்கும் நானே பொறுப்பு. இவங்களை நிறுத்தச் சொல்லுங்கய்யா!"

நீதிபதி அவரை உட்காரும்படி சைகை காட்டினார்.

அம்மா அப்போதுதான் போன வருஷத்து மழைக்காலத்துக்கு வந்திருந்தாள்.