கரி கழுவின கண்ணாடி

புரட்டாசி 21, செவ்வாய்

பொன் உருகக் காயும் புரட்டாசி என்று சும்மாவா சொன்னார்கள். ஆவடி ஆபீசுக்கு மூன்று பக்கமும் கண்ணாடி. கட்டினவர் சீமையில் உட்கார்ந்தே கட்டியிருப்பார். இப்போது யுத்தம் வேறு. ராத்திரி வெளிச்சம் வெளியே தெரியக்கூடாதாம், கண்ணாடி முழுக்கக் கரியும் பசையும். பகலிலேயே இருட்டு. அதற்கு விளக்கு. விளக்கும் விசிறியும் சேர்ந்தால் கரண்டு இஞ்சின் தாங்காது, ஆகவே விசிறிக்குத் தடை. ராத்திரி இங்கே ஈ காக்காய் கிடையாது, இருட்டுமுன் பூட்டிவிடுகிறோம். யாரிடம் போய்ச் சொல்ல?

மத்தியானம் முனுசாமி டைப் அடித்தபடியே மயங்கி விழுந்தான். தங்கை புருஷன். வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். தண்ணீர் தெளித்ததும், "மச்சான், பூசை முடிஞ்சதும் வேலைய வுட்டு நின்னுக்கிறேன். உசுரு கீறவரிக்கும்தான் சம்பளம்" என்றான். தங்கை மாசமாக இருக்கிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

புரட்டாசி 22, புதன்

அதே புழுக்கம். நாளை ஆயுத பூஜை. வாங்க: பொரி, கடலை, சந்தனம். கூட்டுகிற அஞ்சலையிடம் ஆபீசை நன்றாகக் கழுவச் சொன்னேன். முனுசாமி முகம் கொடுத்துப் பேசவில்லை.

புரட்டாசி 23, வியாழன்

கதவைத் திறந்தேன், கண் கூசியது. அஞ்சலை சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு ஒரு பொட்டுக் கரி விடாமல் தேய்த்துவிட்டாள்!

"பூசைக்கு ஆரானா அழுக்கா வச்சிகினு இருப்பாங்களா? நீதானே சாமி கழுவச் சொன்னே!"

சொன்னது நான்தான்.

லீவு இல்லை. டைப் மெஷினைப் பூஜையில் வைக்கக்கூடாதென்று துரை உத்தரவு. ஆகவே வைத்தது: ஏணி, பிரஷ், கரிச்சட்டி. சந்தனம், குங்குமம், பூ. துரை வந்தார், சிவந்தார், உடனே கரி பூசச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. பூஜையில் வைத்ததை இன்று தொடலாமா? எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விளக்கினேன். தலையில் அடித்துக்கொண்டு, நாளை முதல் வேலை அதுதான் என்றார்.

வெளிச்சம் இருந்ததால் விளக்கு வேண்டியிருக்கவில்லை. அணைத்தோம், விசிறி போட்டோம். மேற்கே வெயில் அடித்தது, சாக்கை நனைத்துத் தொங்கவிட்டேன். சாயங்காலம் துரை விசிறிக்கடியில் நின்று விளக்குகளை அண்ணாந்து பார்த்தார். "ராத்திரி இங்கே யாருமே இல்லை, சார்." வாய் தவறி வந்துவிட்டது.

புரட்டாசி 24, வெள்ளி

லேசாக மேகம். கற்பூரம் காட்டிப் பிரஷை எடுத்தேன். துரை, கீழே வை என்றார். கரி வேண்டாமாம். யாராவது இருட்டும்வரை தங்கினால் கறுப்புத் திரை போதுமாம். விசிறி ஓடட்டுமாம். அப்பாடா! அஞ்சலைக்கு என் பங்குப் பொரியும்.

மத்தியானம் முனுசாமி கூப்பிட்டான். "மச்சான், விசிறிய கொஞ்சம் கொறையேன். காயிதம்லாம் பறக்குது. நாளிக்கும் இப்டி அடிச்சா நான் எப்டி டைப் அடிக்கிறது?"

நாளைக்கும் என்றான். ஓடிப்போய் விசிறியைக் குறைத்தேன்.