அதே பெயரில் வேறொரு குரல்

அன்பு எஸ்தர்,

நம் அமெரிக்கப் பாட்டுக்குழு போன வாரம் டெல்லிக்கு வந்தது. நீ இருந்திருந்தால் கிட்வாய் நகர் முழுக்கச் சொல்லியிருப்பாய். நான் உன் அண்ணனோடு போய், கடைசி வரிசையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர்களுடைய வரலாறு நமக்குக் கேசட் அட்டைகள் வழியாகத்தான் தெரியும். பாலிகா பஜாரில் வாங்கிய முதல் கேசட்டில் நான்கு முகங்கள், நான்கு பள்ளிக்கூடச் சிநேகிதர்கள். ராக் என்று பெயர்; ஆனால் தூங்குகிற பிள்ளை விழித்துவிடுமோ என்று பயந்த மாதிரி டிரம்ஸ் தட்டுவார்கள். மேல் குரல் ஒருவனுக்கு, கீழ் குரல் தாடிக்காரனுக்கு. அதைக் கேட்டுத்தான் நாம் சர்ச்சில் இரண்டு குரலில் பாடப் பழகினோம். மைனியும் நாத்தனாரும் என்று யாரும் நினைக்கவில்லை. ‘கிட்வாய் நகர் சிஸ்டர்ஸ்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

மூன்றாவது கேசட்டில் தாடிக்காரன் இல்லை. அவன் இடத்தில் வேறொருவன் நின்று சிரித்தான். குழுவின் பெயர் மட்டும் மாறவில்லை.

“ஆளு மாறுனா குவார்ட்டர்ஸ் வாசல்லயே பேர்ப்பலகைய மாத்துறாங்கல்லா மைனி? இவனுவளுக்கு என்ன கேடு?” என்றாய்.

“அச்சா, அவன் சண்ட போட்டுட்டுப் போனா மத்தவனுவ பட்டினி கெடக்கணுமாட்டி?” என்றார் உன் அண்ணன்.

“கெடக்கட்டும்!”

அந்தக் கேசட்டை நீ கடைசிவரை கேட்கவே இல்லை.

தாடிக்காரன் சமாதானம் ஆகாமலே செத்துப்போனதை சைபர் கஃபேயில் படித்துவிட்டு வந்து, சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்த என்னிடம் சொல்லிவிட்டு அங்கேயே நின்றாய். உன்னைக் கொண்டுபோன நோயைப் பற்றி உனக்கு அப்போதே ஏதாவது தெரிந்திருந்ததா?

போன வாரம் மேடையில் அவனுடைய கீழ் குரலைப் புதியவன் பாடினான். சொதப்புவான் என்று காத்திருந்தேன். நன்றாகப் பாடினான், எஸ்தர். அதுதான் தாங்கவில்லை. கூட்டத்தில் யாருக்கும் எதுவும் குறையவில்லை.

ஈஸ்டருக்கு உன் இடத்தில் நர்ஸ் கிரேஸைப் பாடச் சொல்லியிருக்கிறார்கள். சுத்தமான குரல். “‘கிட்வாய் நகர் சிஸ்டர்ஸ்’னு அதே பேர்லயே அறிவிச்சிடறேன் சிஸ்டர், ஜனங்களுக்குப் பழகிடுச்சு” என்றார் பாஸ்டர். இன்னும் நான் பதில் சொல்லவில்லை. பாடாமலே இருந்துவிட்டால் உனக்கு ஆறுதலாக இருக்குமா? ‘கெடக்கட்டும்’ என்றது என்னையும் சேர்த்துத்தானா?

என்னால் பாடாமல் இருக்க முடியாது. கிரேஸோடு பாடப்போகிறேன். பழக்கத்தில் இடதுபக்கம் திரும்பி உன் மூச்சுக்காகக் காத்திருப்பேன், அவள் பொறுத்துக்கொள்ளட்டும். ஆனால் எங்கள் சொந்தப் பெயர்களைத்தான் வாசிக்க வேண்டும் என்று நாளைக்கே பாஸ்டரிடம் சொல்லிவிடுவேன். நம் பெயர் உன்னோடு இருக்கட்டும். அதில் வேறு யாரையும் நிற்க விடமாட்டேன்.

உன் மைனி,
ஜெயா