மோர்ஸ் தேர்வும் நாம் கட்சி மாறியதும்

அன்புள்ள சுரண்டைக்காரனுக்கு,

இன்று காலை மருந்துக்கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தும்போது, வீட்டிலிருந்தே ரேடியோவில் பேசிக்கொள்ளும் நம் ஹாம்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மனு வந்து விழுந்தது. ஜெனரல் உரிமத்துக்கு இனி மோர்ஸ் தேர்வு வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று அரசாங்கத்துக்கு எழுதியிருக்கிறார்கள். சம்மதிப்பவர்கள் பெயர் போட வேண்டும். முன்பென்றால் முதல் பெயர் என்னுடையதாகத்தான் இருந்திருக்கும். இன்று மத்தியானம் வரை போடவில்லை. உன்னிடம் கேட்காமல் எப்படிப் போடுவது?

ஒவ்வொரு சீசனுக்கும் குற்றாலத்தில் கூடுவோமே, இந்தச் சண்டை போடாத வருஷம் உண்டா? ஐந்தருவி வரிசையில் தலை நிறைய எண்ணெயோடு நின்றுகொண்டு நீ தேர்வு வேண்டும் என்பாய், நான் வேண்டாம் என்பேன். எண்ணெய் கண்ணில் வழிந்தாலும் விட மாட்டோம். நான் மூன்று முறை மோர்ஸில் தோற்று, அது தேவைப்படாத ரெஸ்ட்ரிக்டட் உரிமத்தோடு நின்றுபோனவன். மாத்திரை எண்ணுவதுபோல், குட்டை ஒலியான புள்ளியையும் நெட்டை ஒலியான கோட்டையும் எண்ணிக்கொண்டிருப்பேன். அதற்குள் அடுத்த எழுத்து ஓடிவிடும். “எண்ணாதலே, காதுல விழுததை அப்படியே எழுது” என்று தலையில் அடித்துக்கொள்வாய். ஒருமுறை எல்லார் முன்னாலும், மோர்ஸ் தெரியாதவன் அரை ஹாம் என்று சொல்லிவிட்டாய். எனக்குச் சுருக்கென்றது. உன்னை விட்டுவிட்டுத் தனியாகப் பஸ் ஏறித் தென்காசி வந்தேன். மறுநாள் காலை ஆறரைக்கு வழக்கம்போல் ரேடியோவில் கூப்பிட்டாய். நானும் வழக்கம்போல் பேசினேன். உன்மேல் கோபத்தை அவ்வளவு நேரம்தான் வைத்திருக்க முடிந்தது.

பிறகு உன் தொண்டையில் புற்று வந்தது. மதுரையில் அறுவை சிகிச்சை செய்து உயிரைக் காப்பாற்றினார்கள்; குரல் போய்விட்டது. நீ வீட்டுக்கு வந்த நாலாம் நாள், காலை ஆறரைக்கு நம் அலைவரிசையில் மோர்ஸ் கேட்டது. நீதான். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொண்டிருந்தாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன சொன்னாய் என்று செல்போனில் கேட்டிருக்கலாம், வெட்கமாக இருந்தது. இரண்டு மாதம் நீ தட்டினாய், நான் மைக்கில் மழையையும் வீட்டுக் கதையையும் பேசினேன். நீ கேட்டதற்கும் நான் சொன்னதற்கும் சம்பந்தமே இருந்திருக்காது.

கடையில் கூட்டம் இல்லாத மத்தியானங்களில் ஒளிந்து ஒளிந்து பழகினேன். நீயும் என் நிலைமை புரிந்து நத்தை வேகத்துக்கு இறங்கி வந்தாய். நான் முதன்முதலாகப் பிடித்த வார்த்தை ‘சாப்டியா’. மைக்கைப் பிடித்தபடி அழுதுவிட்டேன்.

அதற்கப்புறம்தான் வேடிக்கை. நீ கட்சி மாறினாய். “டெஸ்ட எடுத்துரட்டும்லே. வேணும்னு வந்ததும் நீயே படிச்சிட்டல்லா” என்று ஒருநாள் தட்டினாய். நானும் மாறியிருந்தேன். “ஏலே, அன்னைக்கே மிரட்டிப் படிக்க வச்சிருந்தா, ரெண்டு மாசம் ஒன்னைச் செவுத்தோட பேச விட்டிருப்பனா?” என்றேன். மறுபடியும் சண்டை, ஆளுக்கு ஆள் இடம் மாறி உட்கார்ந்துகொண்டு. அது முடிவதற்குள் நீ போய்விட்டாய்.

சாயங்காலம் மனுவில் பெயர் போட்டுவிட்டேன். உன் பேச்சைத்தான் கேட்டேன். தேர்வுக்குப் பயந்து இன்னொருவன் என்னைப்போல் வெளியே நிற்க வேண்டாம். ஆனால் அரசாங்கம் அதை நீக்குவதற்குள் தேறிவிட வேண்டும் என்று நானும் தேர்வெழுத ஒரு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். உனக்குச் சிரிப்பு வரும்.

கடையைச் சாத்திவிட்டு, பயிற்சிக்கென்று ஓர் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டேன். இயந்திரம் அனுப்புவது, அளவெடுத்ததுபோல் இருக்கிறது. ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. நம் குழுவில் ஒருவரை மெதுவாக அனுப்பச் சொன்னேன், அதிலும் பாதிதான். கோட்டைக் கொஞ்சம் இழுத்து, ஒவ்வோர் எழுத்துக்கும் எனக்காக நின்று நின்று அனுப்புவாயே, அது மட்டும்தான் இந்தக் காதுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் மோர்ஸ் படித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னைத்தான் படித்திருக்கிறேன்.