ஏரியில் போன தூண்டிற்கோலும், வேண்டப்படும் ஒரு சிறு படகும்

மழை பொய்யாதிருக்க. கரையில் வாழ்வனவும் நீரில் வாழ்வனவும் ஒருங்கே தழைக்க.

கருங்கண் ஏரியின் நீர் முழுவதற்கும் உரியவரும், தென்துறைகளைக் காப்பவரும், பகைவரும் நின்று பெயர் சொல்லும் பெருமையுடையவருமாகிய நீர்மங்கலத்துக் கொற்றவர் நெடுந்துறையர் திருமுன்னர், கரம்பை நாட்டு ஓலைநாயகம் எயினன் பூதி வணங்கி வரைந்து விடுக்கும் ஓலை. தங்கள் வலைகள் கிழியாதிருக்க. தங்கள் படகுகள் போனபடியே திரும்புக.

எங்கள் நாட்டு மூங்கிற்கோல் ஒன்று, பிடியில் செம்பட்டு சுற்றியது, நேற்று மாலை தங்கள் நீரில் இறங்கிவிட்டது. அது படைக்கலமன்று, தூண்டில். அது எவ்வாறு இறங்கியது என்பதை எதையும் மறைக்காமல் எழுதுமாறு எங்கள் கோமகள் நறுங்கோதைத் தேவியார் கட்டளையிட்டிருக்கிறார். அங்கே பேசிய பேச்சையும் பேசியவாறே எழுதச் சொன்னார். அரசவைச் சொற்களால் மெருகிட்டால் தங்களுக்கு ஐயம் எழும் என்று கருதினார்.

முன்னாளில் நடந்த போரில் நாங்கள் தோற்றபின், கரை எமக்கும் நீர் தங்களுக்கும் என்று உடன்படிக்கை எழுதப்பட்டது. எங்கள் நாட்டு மரம் ஒரு துண்டு தங்கள் நீரில் மிதந்தாலும் அது போருக்கு அழைப்பு. கரையில் நின்று தூண்டில் எறிவதற்கு மட்டும் தடையில்லை. இவை தாங்கள் அறிந்தவை. அறியாதது எங்கள் கரைநோன்பு. தோற்ற நாளில் ஆண்டுதோறும் முடிசூடியவர் விடியலில் கரையில் அமர்ந்து, தம் கையால் பிடித்த மீனை மட்டும் உண்டு, பொழுது சாயும் வேளையில் நீரை நோக்கி எழுந்து நின்று, இழந்ததை மீட்பேன் என்று சூளுரைக்க வேண்டும். வெயிலும் பசியும் சினத்தை ஆறவிடாமல் வைத்திருக்கும் என்பது முன்னோர் கணக்கு. இந்த ஆண்டு அந்தச் சூளுரை வெறும் சொல்லாக நிற்பதற்கில்லை. வடகரை நாணற்காட்டில் தெப்பங்கள் கட்டி மறைத்து வைக்கப்பட்டிருந்தன. கோமகள் வாய் திறந்ததும் படை இறங்குவதாக ஏற்பாடு.

கோமகளுக்கு முடிசூடியபின் இது முதல் நோன்பு. மயிலிறகுத் தண்டில் செய்த தக்கையை நீரில் விட்டுவிட்டு, சினம் வரும் வரும் என்று காத்திருந்தார். சினமும் வரவில்லை, மீனும் வரவில்லை. தக்கையின்மேல் ஒரு தும்பி வந்து அமர்ந்தது, எழுந்தது, மறுபடி அமர்ந்தது. கெண்டைக் குஞ்சுகள் இரையை மட்டும் கொறித்துவிட்டு தூண்டில் முள்ளைத் துடைத்து வைத்துப் போயின. படைமுதலி ஆதனார் வெண்குடையைப் பிடித்துக்கொண்டு பின்னே நின்றார். குடையின் நிழல் நீரில் விழுந்து, வருகிற மீனையும் விரட்டியது.

“ஆதனாரே, குடைய மடக்கும். மீனு பயப்படுது” என்றார் கோமகள்.

“குடை மடங்கினா நாட்டுக்கு ஆகாது, தாயே.”

“அப்ப பட்டினி கிடந்தா மட்டும் ஆகுமா?” என்று அடைப்பைக்காரி தத்தை வெற்றிலையை மடித்தபடி கேட்டாள். கோமகளுடன் சிறு வயதிலிருந்தே விளையாடி வளர்ந்தவள் அவள். அவள் வாய்க்கு அரண்மனையில் பூட்டில்லை.

நண்பகலில் விரல் நீளக் கெண்டை ஒன்று மாட்டியது. தத்தை அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, “இதச் சுட்டா புகைதான் மிஞ்சும், தேவி. பாவம், இதுக்கும் பசிபோல” என்றாள். கோமகள் சிரித்து அதை நீரில் விட்டுவிட்டார்.

அதன்பின் நெடுநேரம் ஒன்றுமே நடக்கவில்லை. காற்றும் நின்றது. நடு ஏரியில் தங்கள் நாட்டுப் படகு ஒன்று, எள்ளுக்காய் அளவில், அசையாமல் கிடந்தது. அதில் ஒருவர் மட்டும் அமர்ந்திருந்தார். கோமகள் தூண்டிலை மறந்து அதையே பார்த்திருந்தார். அந்த இடத்தில் நீர் என்ன நிறம், குனிந்தால் எவ்வளவு ஆழம் தெரியும், சுற்றிலும் கரையே இல்லாமல் அமர்ந்திருப்பது எப்படி இருக்கும் என்றெல்லாம் அவர் மனம் போயிற்று. பிறந்த நாள் முதல் இந்த ஏரியின் ஓரத்தில் வாழ்ந்தும் தாம் பார்த்ததெல்லாம் அதன் விளிம்பை மட்டும்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

“எனக்கு ஒரு படகு வேணும். சின்னது” என்றார்.

ஆதனார் முகம் மலர்ந்தது. “நாணல்ல தெப்பம் நிக்குதே, தாயே! ஒவ்வொண்ணுலயும் இருபது பேர் ஏறலாம்.”

“இருபது பேர் ஏறினா மீனு இருக்குமா, ஆதனாரே? ஒருத்தி உக்கார்ற படகு.”

“ஒருத்தி போய் என்னத்தப் பிடிக்க?”

“பார்க்க” என்றார் கோமகள்.

ஆதனார்க்கு அது விளங்கவில்லை. தத்தை மட்டும் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு ஏரியைப் பார்த்தாள்.

பொழுது சாயத் தொடங்கியது. சூளுரைக்கு எழ வேண்டிய வேளை. அப்போது தக்கை மூழ்கியது. துள்ளவில்லை, ஆடவில்லை, ஒருவர் கையால் மெல்ல அழுத்தியதுபோல் உள்ளே போனது. நூல் நடு ஏரியை நோக்கி ஓடத் தொடங்கியது. முள் தைத்ததையே அறியாத ஒன்று தன் வழியே நடந்துபோகிறது என்பது அந்த ஓட்டத்தின் நிதானத்தில் தெரிந்தது. கோமகள் கோலை இரு கைகளாலும் பற்றினார். நூல் முழுதும் தீர்ந்து விறைத்து, யாழ் நரம்புபோல் ஒலித்தது. அந்த அதிர்வு மூங்கில் வழியாக அவர் தோள்வரை வந்தது. ஏரியின் அடித்தளமே தம் கையைப் பிடித்துப் பார்க்கிறதோ என்று எண்ணியதாகப் பின்னர் சொன்னார்.

கால்விரல்கள் நீரின் விளிம்பைத் தொட்டன. அடுத்த அடி தங்கள் நாடு.

“வைங்க தாயே அடிய! மீனுதான் கூப்பிடுது, நாமளா போறோம்?” என்று ஆதனார் கூவினார்.

அப்போது நடு ஏரியில் அது மேலே வந்தது. முதலில் முதுகு, பாசி படிந்து, அந்தி வெயிலில் செம்பும் பொன்னுமாக, வந்துகொண்டே இருந்தது, முடியவில்லை. பிறகு ஒரு செட்டை விரிந்து மடங்கியது. ஆரவாரமே இல்லை. படகிலிருந்தவர் அஞ்சி ஓடாமல் துடுப்பை உள்ளே எடுத்து வைத்துவிட்டுக் கைகூப்பியதைக் கோமகள் கண்டார். அம்மீன் படகின் அடியில் நுழைந்தது. தூங்கும் பிள்ளையைத் தாய் தூக்குவதுபோல் படகு சற்றே உயர்ந்து, பின் தாழ்ந்து, அதே இடத்தில் நின்றது.

வெண்குடை சாய்ந்து மண்ணில் கிடந்தது. அதை ஆதனார் அறியவில்லை.

கோமகள் அடியெடுத்து வைக்கவில்லை. கைகளைத் திறந்தார். கோல் நீரில் விழுந்து, விரைந்து, தெற்கே சென்று மறைந்தது.

கோல் மறைந்தபின்புதான் நேர்ந்தது என்னவென்று எல்லோருக்கும் புரிந்தது. “மரம் இறங்கிருச்சு! உடன்படிக்கை போச்சு! இனி அவங்க வர்றதுக்குள்ள நாம போயிரணும், சூளுரை சொல்லுங்க தாயே!” என்று ஆதனார் துடித்தார். கோமகள் ஏரியைப் பார்த்தபடியே, “அதுக்கு முன்னால நின்னு, இந்தத் தண்ணி என்னோடதுன்னு எந்த வாயால சொல்றது?” என்றார். சூளுரை சொல்லப்படாமலே இருட்டியது. எங்கள் நாட்டில் இது முன் நடந்ததில்லை.

நடந்தது இதுவே. எங்கள் நாட்டுப் பொருள் நீரில் மிதத்தல் ஆகாது என்பதால் இவ்வோலை ஏரியைச் சுற்றித் தரைவழியே குதிரையில் வருகிறது. கோல் இதற்கு முன்பே தங்கள் துறையை அடைந்திருக்கலாம். ஆயின் கொற்றவர் முரசை அறையுமுன் இதைப் படித்தருள வேண்டும். படித்தபின்னும் போரே முறை என்று கருதினால், குற்றம் கோலை விட்ட கைகளுடையது, நாட்டினுடையதன்று என்று கோமகள் தெரிவிக்கிறார்.

மற்றொன்றையும் அவர் வேண்டுகிறார். கட்டளையாக அன்று, அண்டை வீட்டில் கேட்பதுபோல். தங்கள் நாட்டு மரத்தில், தங்கள் தச்சர் கையால், ஒருவர் மட்டும் அமரத்தக்க சிறு படகு ஒன்று. அதில் எங்கள் ஆணி ஒன்றும் இராது. முடியும் குடையும் படையுமின்றி அவர் தனியே ஏறி, நடு ஏரிக்கு வந்து, துடுப்பை உள்ளே எடுத்து வைத்துவிட்டு அமர்ந்திருப்பார். தூண்டில் கொண்டுவரமாட்டார். அந்த உயிரை மறுபடி காண வாய்த்தாலும் வாய்க்காவிட்டாலும் அந்தியில் கரை திரும்பி, படகைத் தங்கள் ஆளிடம் ஒப்படைப்பார்.

நாணற்காட்டுத் தெப்பங்களை இன்றே பிரித்து எரிக்க ஆணை பிறந்துவிட்டது. வடகரையில் எழும் புகையைக் கண்டு தங்கள் துறைமக்கள் அஞ்சற்க. ஆணையை நிறைவேற்றும் பொறுப்பு ஆதனாருக்கே தரப்பட்டிருக்கிறது. அவர் அழுதுகொண்டே தீ வைக்கிறார் என்று தத்தை சொல்கிறாள், புகையால்தான் கண் கலங்குகிறது என்று அவர் சொல்கிறார்.

தங்கள் விடை வரும்வரை கோமகள் அரண்மனை திரும்பார். காவலரை விலக்கிவிட்டு, தங்கள் வில்லாளர் கண்ணுக்கு எட்டும்படி, கரையின் திறந்தவெளியில் தனியே அமர்ந்திருக்கிறார். அம்பு வருவதானாலும் படகு வருவதானாலும் அது முதலில் தம்மிடமே வரட்டும் என்பது அவர் திருவுள்ளம்.

இது கோமகள் நறுங்கோதைத் தேவியார் கட்டளை. ஏரிக்கரையின் ஈரமண்ணில் அவர் பெருவிரல் ஒற்றிய அடையாளமே இதற்கு முத்திரை. எழுதினேன் எயினன் பூதி. கருங்கண் ஏரி வற்றாதிருக்க. அதன் நடுவே உறைவது நெடிது வாழ்க.