வானுக்கு வாரண்டி

திங்கள்

சரியான காத்து. கொடியிலை போட்ட சீலை பக்கத்து வளவுக்குள்ளை.

சனிக்கிழமை ஜெசி வாறாள்! என்ர தங்கச்சி. சண்டை துவங்கேக்கை தலைமன்னாரிலை வள்ளம் ஏறினவள். இவ்வளவு வருசமும் இந்தியாவிலை, அகதி முகாமிலை. இப்ப சண்டை நிறுத்தம், பிளேனிலை வாறாள். ரெண்டு பிள்ளையள், நான் இன்னும் கண்ணாலை காணேல்லை. எயாப்போட்டுக்கு எங்கட வானிலை போறதெண்டு வாக்குக் குடுத்தாச்சு.

வாங்க: பால்மா, பாய் ரெண்டு, சூடைக் கருவாடு (ஜெ. கேட்டவள்).

வான் இவர் போன மாசம் கொழும்பிலை எடுத்தது. யப்பான் வான், பழசு. "ரெண்டு வருச வாரண்டி கிடக்கு, ஒண்டுக்கும் யோசியாதையும்." கோயில் முத்தத்திலையும் இதே பீத்தல்தான்.

செவ்வாய்

வான் பாலத்திலை நிண்டுட்டுது. கறுப்புப் புகை, பிறகு பேச்சு மூச்சில்லை. ட்ரக்டரிலை கட்டி இழுத்து நஸீர் நானாவின்ர கராச்சுக்கு. பாவம், அவரும் சண்டைக்குள்ளை ஊரை விட்டுக் கலைக்கப்பட்டு, புத்தளத்திலை இருந்து திரும்பி வந்து இப்பதான் கராச் திறந்தவர்.

இவருக்கு ஒரு கவலையுமில்லை. "கொம்பனி பாக்கும்."

எந்தக் கொம்பனி? வீட்டை வந்து அந்தப் பேப்பரை முதல்முறையா வாசிச்சன். கந்தோரிலை நாள் முழுக்க இங்கிலீசு டைப் அடிக்கிறன், இதுக்கு டிக்சனரி தேவைப்பட்டுது. வான் செய்த கொம்பனி இல்லை. வித்தவனும் இல்லை. மூண்டாவது ஒரு ஆள், காசு வாங்கிக்கொண்டு, உடைஞ்சால் திருத்துற காசு தாறன் எண்டு சொன்னது. எல்லாத்துக்குமில்லை. எஞ்சினின்ர உள்பாகம், கியர் பெட்டி, டீசல் பம்ப் எண்டால் தருவாங்கள். பெல்ட், பிரேக், பற்றரி, ரயர், துரு, உப்புத்தண்ணி, கட்டி இழுத்த செலவு, ஒண்டுமில்லை. மன்னாரிலை துருப்பிடியாத சாமான் என்ன கிடக்கு?

அவங்கள் பாக்க முதல் வேறை யாரும் கழட்டினால் எல்லாம் செல்லாதாம். ஐயோ, நானா!

செருப்பும் போடாமல் ஓடினன். மனுசன் ஸ்பானரோடை குனிஞ்சு நிக்கிறார். குறுக்கை கை ரெண்டையும் விரிச்சுக்கொண்டு நிண்டன். "தொடாதைங்கோ!" எண்டு கத்தினன். சந்தியிலை நிண்ட சனமெல்லாம் சிரிச்சுது.

புதன்

நானா கழட்டேல்லை. டீசல் ராங்கி மூடியைத் திறந்து மணந்து மட்டும் பாத்தவர். பிறகு இவரைப் பாத்தார். "தம்பி, என்னத்தை ஊத்தினீங்க?"

இவர் வானத்தைப் பாக்கிறார்.

மண்ணெண்ணெய்! பாதி டீசல், பாதி மண்ணெண்ணெய்! சண்டைக்குள்ளை, எண்ணெய் வராத பாப்பாமோட்டையிலை இருந்த காலம் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயிலை மோட்டச்சைக்கிள் ஓடின ஆள். "பழக்கம், இஞ்சேர். அப்ப எல்லாரும் ஓடினதுதானே." இப்ப எண்ணெய்ச் செற்றிலை டீசல் ஆறாய் ஓடுது, இவருக்கு இன்னும் எண்ணெய்த் தடைக்காலம். எனக்கு வந்த விசருக்கு, முதல் கத்தினன். பிறகு நானா சிரிக்க எனக்கும் அடக்கேலாமல் போச்சு.

டீசல் பம்ப்தான் போயிருக்கும் எண்டார் நானா. பேப்பரிலை வடிவாய் எழுதியிருக்கு: பிழையான எண்ணெய் விட்டால் இல்லை.

வியாழன்

வெயில். கொமினிகேஷன் கடையிலை இருந்து கொழும்புக்குப் போன். நல்ல தமிழ் பேசுற பெடியன். பம்ப் எண்டதும், "அது இருக்கு மிஸ், தருவம்" எண்டான். இவர் துள்ளினார்.

"எங்கட ஆள் வந்து பாக்கவேணும். அடுத்த புதன்கிழமை. அதுவரைக்கும் கழட்டக்கூடாது. என்ன எண்ணெய் பாவிச்சீங்கள்?"

இவர் எனக்கு முன்னாலை நிண்டு சத்தம் வராமல் வாயாலை "டீசல், டீசல்" எண்டுறார்.

அடுத்த புதன். ஜெசி சனிக்கிழமை பிள்ளையளோடை எயாப்போட் வாசலிலை நிண்டு எங்களைத் தேடுவாள். அண்டைக்கு அவள் வள்ளம் ஏறேக்கை நான் கரைக்கு வந்து சேர முந்தி வள்ளம் போயிட்டுது. இந்த முறையும் பிந்த என்னாலை ஏலாது.

"பாதி மண்ணெண்ணெய், தம்பி" எண்டன்.

இவர் கடை வாசல் மர வாங்கிலை இருந்திட்டார். பெடியன் பேப்பர் புரட்டுற சத்தம் கேட்டுது. பிறகு, "அப்ப பம்ப் தரமாட்டம் மிஸ். ஆனால் கியர் பெட்டிக்கு வாரண்டி இருக்கு. இனி டீசல் மட்டும் அடிச்சு பில்லை வையுங்கோ."

"அப்ப இண்டைக்கே கழட்டலாமோ?"

"தாராளமா."

கராச்சுக்கு நடக்கேல்லை, ஓடினன். "நானா, கழட்டுங்கோ!"

வெள்ளி

பம்பின்ர உள்பக்கம் இறுகிக் கிடந்ததாம். நானா கழுவி, பில்ரர் மாத்தி, பின்னேரம் ஸ்ராட் பண்ணினார். முதல் உதறல், பிறகு நல்ல சத்தம்! கராச்சிலை நிண்ட எல்லாருக்கும் குடிக்கப் பிளேன்ரீ. இவர் டீசல் பில்லை நாலாய் மடிச்சுப் பொக்கற்றுக்குள்ளை வைச்சிருக்கிறார், நற்கருணை வாங்கின முகத்தோடை.

ஞாயிறு

நித்திரையே இல்லை, சந்தோசம்.

நேற்று எயாப்போட்டிலை நாங்கள்தான் முதல் போய் நிண்டது. ஜெசி மெலிஞ்சு, கறுத்து, சிரிப்பு மட்டும் அதே. கட்டிப்பிடிச்சபடி ரெண்டு பேரும் நிண்டு அழுதம். வாசலிலை நிண்ட பொலிஸ்காரன் தள்ளி நிக்கச் சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனான்.

வானுக்குள்ளை ஏறினவள் மூக்கைச் சுழிச்சாள்.

"என்னக்கா, மண்ணெண்ணெய் மணக்குது?"

இவர் ஸ்ரேரிங்கைப் பிடிச்சபடி, "அது... வாரண்டிப் பிரச்சினை" எண்டார்.

"அண்டைக்கு வள்ளத்திலையும் இந்த மணம்தான், அத்தான். கண்ணை மூடிக்கொண்டு விடியும்வரை இதைத்தான் மணந்தனான்." பிறகு யன்னலைத் திறக்கப் போன மூத்தவனின்ர கையைப் பிடிச்சாள்.

"விடடா, கிடக்கட்டும். இப்ப வீட்டை எல்லே போறம்."