ஜீப்பில் சொன்ன பதினோரு தப்பு

சிலமலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கார்முகிலுக்குச் சித்தப்பன் ராக்கையா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி வேலுத்தாயும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், ஜெர்மனிக் குளிரில் நீயும் அப்படியே இருக்கப் பரமசிவன் துணை. உடம்புக்குக் குறைச்சல் இல்லை, மனசுதான் சரியில்லை, போனில் சொன்னால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய் என்று காகிதத்தில் எழுதுகிறேன்.

உலோகத்தையும் கரியையும் சேர்த்துக் கட்டும் புதுப்பொருள் உள்ளுக்குள் எப்படி அமையும் என்று, செய்து பார்க்கும் முன்பே கம்ப்யூட்டரைச் சொல்லவைக்கிறாய் என்பதைப் போடி ஏலக்கூடத்தில் பரப்பியவன் நான். நாலு நாட்டு மந்திரிகள் உன் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள் என்றேன், ஐந்து என்றாலும் நம்பியிருப்பார்கள். இந்த வித்தை யாரிடம் கற்றாள் என்று கேட்டவர்களுக்கு, பச்சை ஏலக்காயைக் கையில் அள்ளியதுமே காய்ந்தபின் என்ன நிறத்தில் நிற்கும் என்று சொல்லும் என்னிடம்தான் என்றேன், முப்பது வருசத்தில் ஒருதரம்கூடத் தப்பியதில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன்.

காய் உலர்த்தும் என் ஸ்டோருக்கு வருசக்கணக்காய்த் தன் தோட்டத்து லோடை அனுப்பும் பால்சாமியின் மகள் முத்துப்பிரியா, போன செவ்வாய்க்கிழமை, நீ தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பேசிய வீடியோவை ஏலக்கூட வாசலில் சத்தமாக வைத்தாள். நானே எல்லாரையும் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினேன். நீயோ, ஜெயித்த சோதனைகளை மட்டும் ஊட்டினால் கம்ப்யூட்டர் உருப்படாது, தோற்றதையும் ஒளிக்காமல் ஊட்டினால்தான் அடுத்தது எப்படி அமையும் என்று சரியாகச் சொல்லும் என்றாய், இதை எனக்குப் புரியவைத்தது என் சித்தப்பா கெடுத்த பதினோரு லோடு ஏலக்காய் என்றாய். புகை ஏறியது, வெளுத்துப்போனது, வெடித்தது என்று ஒவ்வொன்றாக வேறு அடுக்கினாய். கூட்டம் சிரித்தது. பால்சாமி, "அண்ணே, இனிமே நம்ம காயையும் கம்ப்யூட்டர்ட்டயே கேட்டுக்கிறட்டுமா" என்றான். இந்த வாரம் அவன் லோடு என் ஸ்டோருக்கு வரவில்லை.

அந்தப் பதினொன்றும் யாருக்காகச் சொன்னது மகளே? ஒன்பதாம் வகுப்பில் கணக்கில் தோற்றுச் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தவளைப் போடிமெட்டுக்குக் கூட்டிப்போய், ஜீப்பில் மலையிறங்கும்போது வளைவுக்கு ஒன்றாகச் சொன்னேன். உன் சித்திக்குக்கூடத் தெரியாது. அண்ணன் போனபின் உன்னை வளர்த்தவன், உன் அழுகை நிற்கட்டுமே என்று சொன்னதை நீ சபையில் விரித்துவிட்டாய். வேற்றாள் செய்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன், நீ செய்ததால் சோறு இறங்கவில்லை.

ஒளிக்கக்கூடாது என்றாயே, அதுதான் இன்னும் என்னை விடமாட்டேன் என்கிறது. பதினொன்று அல்ல, பன்னிரண்டு. ஒரு லோடு கெட்டபோது, தீயைக் கவனிக்காமல் தூங்கிவிட்டான் என்று ஸ்டோரில் இருந்த அமாவாசையை வேலையை விட்டு அனுப்பினேன் அல்லவா, அவன் தூங்கவில்லை. ஆவி போகும் ஜன்னலை அடைத்துவிட்டு, திறக்க மறந்து, டீக்கடையில் உன் பத்தாவது மார்க்கைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருந்தவன் நான். இதையும் உன் கணக்கில் சேர். சபையில் மட்டும் இப்போது சொல்லாதே. அவன் மெட்டுக்கு அந்தப்பக்கம் பூப்பாறையில் இருக்கிறானாம், நாளைக்கு ஜீப்புக்குச் சொல்லிவிட்டேன், முதலில் அவனிடம் நான் சொல்லவேண்டும்.

கோபம் ஆறவில்லை, ஆனாலும் நூறு வருசம் நன்றாக இரு. காதுக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. வீடியோவில் சித்தப்பா என்றதோடு விட்டாய், பன்னிரண்டாவதைச் சொல்லும் நாளில் என் பேரை முழுசாகச் சொல்.

உன் சித்தப்பன்,
மொ. ராக்கையா, சிலமலை.