நான் தவறிப் போட்ட துளை

ஜனவரி 16, திங்கள்

இன்று ஓட்டுநர் சங்கக் கூட்டத்தில், அத்தனை பேர் முன்னால், தலைவர் தோன் புருதென்சியோ என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஃபெர்மின், ரெண்டு தடவை உன் வண்டியை உப்புவெளியிலேர்ந்து கட்டி இழுத்துட்டு வந்தாச்சு. மூணாவது தடவை இழுத்தோம்னா சங்கத்துல நீ இல்ல." சங்கத்தில் இல்லாதவன் வண்டியில் இந்த உயுனி ஊரில் ஒரு சுற்றுலாக்காரனும் ஏற மாட்டான். பின்வரிசையில் எவனோ "கயிறு ஃபெர்மின்" என்றான். ஒரே சிரிப்பு. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். ஏன் வந்தேன்?

ஜனவரி 17

மழைக்காலத்தில் உப்புவெளி முழுக்கத் தண்ணீர். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரோ என் வண்டியில் எஞ்சினுக்கு அடியில், சக்கரம் தெறிக்கும் உப்புத்தண்ணீருக்கு நேர் எதிரே தொங்குகிறது. எவன் வைத்தான் அங்கே? மேலே பழைய ஏசி இருந்த இடம் சும்மா கிடக்கிறது. அங்கே தூக்கி மாட்ட, தாங்கிப் பிடிக்கும் ஒரு இரும்பு பிராக்கெட் வேண்டும். கடையில் கிடைக்காது. நானே செய்யப் போகிறேன்.

ஜனவரி 22

பிஸ்கட் பெட்டி அட்டையில் பிராக்கெட்டுக்கு அளவு வெட்டினேன். முதல் மூன்றும் வீண். தெல்ஃபினா டார்ச் பிடித்தபடி, "கோழியைப் பரண்ல ஏத்துற மாதிரி இருக்கு" என்றாள். இவளைக் கட்டிக்கொண்டதற்கு இதுவும் வேண்டும். கடைசி அட்டை கச்சிதமாக உட்கார்ந்தது.

ஜனவரி 25

காயலான் கடை லாரியிலிருந்து தடித்த தகடு வெட்டி வந்து துளை போட்டேன். நாலு துளை போதும். ஐந்து இருக்கிறது! அட்டையிலேயே தப்பாக ஒன்று குறித்திருக்கிறேன். இனி என்ன செய்ய? இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜனவரி 29

ஆல்டர்னேட்டரை மேலே மாட்டி, வண்டியைத் தண்ணீரில் இறக்கினேன். அச்சு முழுகும் ஆழம்வரை போனேன். சார்ஜ் நின்றால் எரியும் சிவப்பு விளக்கு எரியவே இல்லை. தன்னந்தனியாகக் கத்தினேன். திரும்பும்போது தோன் புருதென்சியோ பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "இதென்னய்யா, தகரக் கடையா?" என்று சிரித்துவிட்டுப் போனார். சிரிக்கட்டும்.

பிப்ரவரி 3

அளவு வெட்டிய அட்டையைக் காணவில்லை. "குப்பையோட போயிருக்கும்" என்றாள் தெல்ஃபினா, உருளைக்கிழங்கு உரிப்பதிலிருந்து தலை நிமிராமல்.

பிப்ரவரி 21, கார்னிவல் செவ்வாய்

ஐயோ.

நல்லது நடக்க வேண்டி வீட்டு மூலைகளுக்குப் பீர் வார்த்தோம். பூமித்தாய்க்கு வார்த்தோம். வண்டிக்குக் காகிதச் சுருள் கட்டினோம். எல்லாம் வருடா வருடம் செய்வதுதான். இன்னொரு பாட்டில் எடுத்து வர உள்ளே போனேன். வந்து பார்த்தால் பானெட் திறந்திருக்கிறது. தெல்ஃபினா ஆல்டர்னேட்டர் தலையில் ஒரு முழு பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். மேலே கைநிறைய வண்ணக் காகிதத் துகள் வேறு!

"என்னடி பண்ற!" என்று அலறினேன்.

அவள் திகைத்துப் போனாள். "உன் கையால செஞ்சது. இதுக்கு ஊத்தாம வேற எதுக்கு ஊத்துவாங்க?"

உப்புத்தண்ணீருக்குப் பயந்து மேலே ஏற்றினேன். பானெட்டைத் திறந்தால் முதலில் பீர் விழும் இடம் அதுதான் என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை. எத்தனை கார்னிவல் பார்த்திருக்கிறேன்! துடைத்தேன். ஓடுகிறது. நாளைக்கு ஐந்து பிரேசில்காரர்களைக் கூட்டிப் போக வேண்டும்.

பிப்ரவரி 22

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இப்போதும் நம்ப முடியவில்லை.

நடு உப்புவெளியில் சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு எஞ்சின் நின்றது. பிரேசில்காரர்களுக்குக் கொண்டாட்டம், இறங்கித் தண்ணீரில் தெரியும் வானத்தைப் படம் பிடித்தார்கள். எனக்கோ மூன்றாவது கயிறு.

தூரத்தில் இன்னொரு வண்டி, பானெட் திறந்தபடி. தண்ணீரில் நடந்து போனேன். தோன் புருதென்சியோ! தனியாக, எண்ணெய்க் கையோடு. என்னைக் கண்டதும் பானெட்டை மூடப் பார்த்தார். அதற்குள் பார்த்துவிட்டேன். மேலே தூக்கி மாட்டிய ஆல்டர்னேட்டர், காகிதத் துகள் ஒட்டிய பிராக்கெட். ஐந்து துளை.

என் ஐந்தாவது துளை, அதே இடத்தில்.

அந்தத் துளையில் விரலை வைத்துப் பார்த்தேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என் வீட்டுலயும் பீர் ஊத்திட்டாங்கய்யா."

"இந்த அளவு எங்க கிடைச்சுது?"

"உன் சம்சாரம்தான் அட்டையைக் குடுத்துச்சு. என்ன ஆனாலும் உன்னைச் சங்கத்தை விட்டு எடுக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் குடுத்துச்சு."

சங்கம் போய்விடுமோ என்று மூன்று வாரமாக ஒவ்வொரு பள்ளத்திலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினேனே!

இரண்டு ஆல்டர்னேட்டரையும் கழற்றினோம். பீர்ப் பசையில் உள்ளே கார்பன் பிரஷ் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோலில் கழுவியதும் என்னுடையது பிழைத்தது, அவருடையது கருகியிருந்தது. பிரேசில்காரர்கள் பாட்டுப் பாடித் தள்ள, என் வண்டி உயிர் பெற்றது. அவர் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஊருக்குள் வந்தேன். சங்க வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஒருவனும் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 23

காலையிலிருந்து தெல்ஃபினாவோடு பேச்சில்லை. சாப்பிடும்போது அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "என் வேலை மேல உனக்கு நம்பிக்கையே இல்லையா?"

"உன் வேலை மேல இருந்துச்சு. உப்புத்தண்ணி மேலதான் இல்ல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா விட்டிருப்பியா நீ?"

விட்டிருக்க மாட்டேன். அதுதான் இன்னும் எரிகிறது. சூப்பில் எனக்குப் பெரிய கறித்துண்டு போட்டிருந்தாள். சாப்பிட்டேன்.

பிப்ரவரி 26

எண்ணெய் டின்னை வெட்டி ஆல்டர்னேட்டருக்கு ஒரு மூடி செய்தேன். இனி அண்டா அண்டாவாக ஊற்றட்டும். மூடியை முடுக்க இடம் தேடினால், அந்த வேண்டாத துளை சரியாக அங்கே இருக்கிறது! என்னாலேயே நம்ப முடியவில்லை.

தோன் புருதென்சியோவின் மனைவி வாசலில் வந்து நின்றார். தெல்ஃபினா உள்ளே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, "அந்த மூடிக்கும் அட்டை வேணுமாம். குடுக்கட்டுமா?" என்றாள்.

இந்தத் தடவை என்னைக் கேட்டாள். அட்டையை எடுத்து நானே வெட்டினேன். துளையையும் சரியான இடத்தில் குத்திக் கொடுத்தேன்.